ஊறுகாய் ஜாடியும் மூக்கு போன எட்டு மாதமும்

குடோனுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ரோசம்மா எழுதுவது. வாசலில் எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடக்கிறதே, வந்து இறங்கும் ஜாடிகளை முதலில் பார்க்கிறவர் உட்காரும் ஸ்டூல், அதில் ஏறக்குறைய முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான்.

"புதுப் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்கக்கா" என்று முதலாளியின் மகன் கேட்டான். நல்ல வார்த்தை சொல்ல ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் செய்த ஒரு கெட்ட காரியத்தை எழுதுகிறேன். உங்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

போன வாரம் அந்தப் பக்கம் வந்தபோது உங்களைப் பார்த்தேன். செல்போன் விளக்கை ஜாடிக்குள் அடித்துப் பார்க்கிறீர்கள். விரலை மடக்கித் தட்டிச் சத்தம் கேட்கிறீர்கள். ஒருத்தி ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் போட்டோகூட எடுத்தாள். எல்லாம் சரிதான். பூச்சு பெயர்ந்திருந்தால் விளக்குக்குத் தெரியும், விரிசல் இருந்தால் சத்தத்தில் தெரியும். ஆனால் அரை மணி நேரம் நின்றேன், ஒருத்தரும் குனிந்து மோந்து பார்க்கவில்லை.

நாம் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புவது என்ன சரக்கு என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா தெரியவில்லை. மேல் பாதி காப்பி நிறமும் கீழ்ப் பாதி பால் வெள்ளையுமாக இருக்கும் பழைய பீங்கான் ஜாடி. அச்சில் வார்த்தது இல்லை, கையால் வனைந்தது. உள்ளே கையை விட்டால் வனைந்தவரின் விரல் ஓடிய வரி தட்டுப்படும். ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. வெளிநாட்டுக்காரர்கள் இந்தக் கோணல்மாணலுக்குத்தான் ஆசைப்படுகிறார்கள். வீட்டுக்காரர்களைக் கேட்டால் எல்லா ஜாடியும் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது என்பார்கள். வீடு ஆதிச்சநல்லூர்ப் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம், முதுமக்கள் தாழிக்குக் கூடப் பிறந்த தங்கச்சி என்று அடித்துச் சொல்லிவிடுவார்கள். ஜாடிக்கு வயது ஏற்றுவதில் நம் ஊர் ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது.

ஸ்டூலில் இருப்பவருக்கு ஒரே ஒரு வேலை. இந்த ஜாடி இத்தனை வருஷம் எதைச் சுமந்தது என்று கண்டுபிடிப்பது. சாப்பிடும் பொருளைச் சுமந்தது என்றால் சாக்கட்டியால் வட்டம் போடுவோம். அது சமையல்கட்டு லாட்டுக்குப் போகும், அதாவது சாப்பாட்டுச் சாமான் வைக்க வாங்குகிறவர்களுக்குச் சேர்த்துக் கட்டும் சரக்கு. வேறு எதையாவது சுமந்தது என்றாலோ, சந்தேகம் என்றாலோ, பெருக்கல் குறி. அது தோட்டத்து லாட்டுக்குப் போகும், அங்கே செடி வைப்பார்கள். ஜாடியின் வாய் விளிம்பில், மூடி உட்காரும் இடத்தில், பூச்சு இருக்காது, வெறும் மண்ணாக இருக்கும். உள்ளே வைத்ததையெல்லாம் அந்த விளிம்பு குடித்து வைத்துக்கொள்ளும். நாலு தண்ணீர் விட்டுக் கழுவினாலும் முழுசாகப் போகாது. லாட்டுக்கு இரண்டு ஜாடியை லேபுக்கு அனுப்புகிறோம், உண்மைதான். பூச்சில் ஈயம் இருக்கிறதா என்று அந்த இரண்டு ஜாடியை வைத்து அவர்கள் சொல்வார்கள். மற்ற ஜாடிகளில் எந்த வீட்டுக்காரி என்ன வைத்திருந்தாள் என்று எந்த லேபும் சொல்லாது. மூக்குதான் சொல்ல வேண்டும்.

என் மூக்கு சொன்னது. காயல்பட்டினத்து வீட்டு ஜாடியைத் திறந்தால் எலுமிச்சையும் பெருங்காயமும் முகத்தில் அடிக்கும், கொஞ்சம் பொறுத்தால் அடியிலிருந்து மாசிக் கருவாட்டு வாசனை வரும். புன்னைக்காயல் ஜாடியில் காடியில் ஊறின மீன். பனங்காட்டுப் பக்கம் என்றால் கருப்பட்டி, சுக்கு, நல்லெண்ணெய். வெயில் ஏற ஏற வாசலில் இறக்கி வைத்த ஜாடிகள் ஒவ்வொன்றாக வாய் திறக்கும். நடுவில் நான் உட்கார்ந்திருப்பேன். அந்தக் கரையில் இருக்கும் அத்தனை சமையல்கட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைந்து வந்த மாதிரி இருக்கும். அப்படி ஒரு வேலை யாருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்.

ஒரு தடவை ஒரு ஜாடியை மோந்துவிட்டு, "இது பிரசவ லேகியம் கிண்டி வச்ச ஜாடி, அந்த வீட்டுல ஒண்ணு ரெண்டு இல்ல, நாலஞ்சு பிள்ள பெத்திருக்காவ" என்றேன். கரையோர ஊர்களில் நமக்கு ஜாடி எடுத்து வரும் மைதீன் காக்கா விடவில்லை. அங்கேயே நின்று அந்த வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார். ஐந்து பிள்ளை. அன்றிலிருந்து எனக்கு மரியாதை ஏறிவிட்டது. முதலாளி, அவரை நாங்கள் அண்ணாச்சி என்போம், புதிதாக யார் வந்தாலும் என்னைக் காட்டி, "கண்ண நம்பாதிய, ரோசம்மா மூக்க நம்புங்க" என்பார். எனக்கும் தலைக்கனம் ஏறாமல் இல்லை. இந்தத் தலைக்கனம்தான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

கொரோனா இரண்டாம் முறை வந்தபோது எனக்கும் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது. வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்தேன். ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி இழுத்தேன். காப்பித் தூள் டப்பாவுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றேன். வெந்நீரை மோந்தால் எப்படியோ அப்படித்தான் எல்லாம் இருந்தது. வீட்டில் பால் தீய்ந்து சட்டி கருகினபோது பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். நான் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

குடோன் திறந்ததும் வேலைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாள் சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேருக்கு அப்படி ஆகியிருந்தது, யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். பயம் பாதி, கர்வம் பாதி. மூக்கு இல்லாத ரோசம்மாவை எவர் மதிப்பார் என்று நினைத்தேன். முதல் நாள் சொல்லாததால் இரண்டாம் நாள் சொல்வது கஷ்டமாயிற்று. ஒரு மாதம் ஆனதும் சொல்லவே முடியாது என்று ஆகிவிட்டது.

அதற்காக நான் சும்மா வட்டம் போட்டுத் தள்ளினேன் என்று நினைக்காதீர்கள். திருட்டுத்தனத்தையும் நேர்த்தியாகத்தான் செய்தேன். குனிந்து ஜாடிக்குள் மூக்கை விடுவேன், கண்ணை மூடுவேன், தலையை ஆட்டுவேன். பிறகு கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி, "ஏளா அந்தோணி, இது எந்த ஊர்க் கைமணம்னு சொல்லு பாப்போம்" என்று விளையாட்டுப் போலக் கேட்பேன். அந்தோணியம்மாள் புன்னைக்காயல்காரி, தொட்டியில் கழுவுகிறவர்களுக்குத் தலைவி, என்னைவிட நாலைந்து வயது இளையவள். வாய் சும்மா இருக்காது. ஓடி வந்து மோந்து பார்த்து, "நெல்லிக்கா மதினி, கொஞ்சம் வெந்தயம் கூடப் போட்டுட்டா" என்பாள். "ஆமா, பாத்தியா, கண்டுபிடிச்சிட்டியே" என்று சொல்லி வட்டம் போடுவேன். எட்டு மாதம் அவள் மூக்கில்தான் நான் பிழைத்தேன். அவளுக்கே அது தெரியாது.

ஒரு நாள் புன்னைக்காயலில் கோயில் திருவிழா. கழுவுகிற பெண்கள் எல்லாரும் அந்த ஊர்தான், தொட்டியில் ஒருத்திகூட இல்லை. அன்றைக்கென்று மைதீன் காக்கா லோடு ஆட்டோவில் ஆலந்தலைப் பக்கத்திலிருந்து ஜாடிகள் கொண்டு வந்து இறக்கினார். நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவசர ஆர்டர் ஒன்று இருந்தது, அண்ணாச்சி பக்கத்திலேயே நின்றார், நான் எப்போதும் போலக் குனிந்தேன், கண்ணை மூடினேன்.

நடுத்தர ஜாடி ஒன்று, மூடி இல்லாமல் வந்தது. உள்ளே பாதிக்கு மேல் காய்ந்த சிவப்புக் கறை, எண்ணெய்ப் பிசுக்கோடு. பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. நல்ல காரசாரமான வீடு, மாங்காய் ஊறுகாயில் மிளகாய்த் தூளை அள்ளிப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். நம் வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தப்பு வரும். வேறு யாராக இருந்தாலும் சிவப்புக் கறையைப் பார்த்தால் இது என்ன என்று கேட்பார்கள். ஆயிரக்கணக்கான ஊறுகாய் ஜாடி பார்த்தவளுக்குக் கேள்வியே வரவில்லை. வட்டம் போட்டேன். உதிரி மூடிகளில் தேடிப் பொருத்தமாக ஒன்று எடுத்துப் போட்டு உள்ளே அனுப்பினேன்.

நாலு நாள் கழித்து ஆர்டர் முடிந்து பேக்கிங் நடந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையில் கண்டெய்னர் துறைமுகத்துக்குள் போயாக வேண்டும். காலை பத்து மணி இருக்கும், மைதீன் காக்கா வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"அண்ணாச்சி, ஆலந்தலையிலேர்ந்து ஒரு ஓடாவி போன் பண்ணுதாரு. அவரு ஜாடியக் காணோமாம்."

ஓடாவி என்றால் வள்ளம் கட்டும் தச்சர்.

"காணோம்னா? நீரு காசு குடுத்துத்தானவே வாங்கினீரு?" என்றார் அண்ணாச்சி.

"அவரு வீட்டம்மாகிட்ட வாங்கினேன். அடுக்களை ஜாடி ஆறு குடுத்தாவ. கூட ஏழாவதா ஒண்ணக் கொல்லையிலேர்ந்து தூக்கிட்டு வந்து, இதயும் எடுத்துக்கிடுங்கன்னு போட்டாவ. அது அவரு வள்ளத்து இடுக்குல அடைக்க ரெட் லெட் கொழச்சி வச்ச ஜாடியாம். இருபது வருஷமா அதுலதான் கொழைக்காராம். காய்ஞ்சி கெடந்தத அந்தம்மா சொரண்டிப் போட்டுட்டு எங்கிட்ட தள்ளிட்டாவ."

ரெட் லெட் என்பது ஈயத்தில் செய்த சிவப்புப் பொடி. எண்ணெயில் குழைத்துப் பலகைச் சந்தில் வைத்து அடைப்பார்கள். உடம்புக்குள் போனால் விஷம். பிள்ளைகளுக்கு மூளையையே கெடுக்கும், அந்தப் பொடி டப்பாவிலேயே மண்டையோட்டுப் படம் போட்டிருக்கும்.

காக்கா சொல்லி முடிக்கும் முன்பே அந்தச் சிவப்புக் கறை என் கண்ணுக்குள் வந்துவிட்டது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ரோசம்மா, அப்படி ஒரு ஜாடி வந்துச்சா?"

"இல்ல அண்ணாச்சி. எல்லாத்தயும் மோந்துதான பாத்தேன். பெயிண்ட் வாடை அடிச்சிருந்தா தெரியாம போகுமா?"

வாய் கூசாமல் சொன்னேன். பிள்ளைகளே, பொய் சொல்லும்போது குரல் நடுங்கும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். என் குரல் கணீரென்று இருந்தது.

"அவ சொன்னா சரிதான்" என்றார் அண்ணாச்சி. "வேற ஏதாவது ஏவாரிட்ட போயிருக்கும்வே. நீரு போய் ஓடாவிகிட்டச் சொல்லும். ஏளா, நிக்காதிய, கட்டுங்க."

ஒரு கேள்வி கேட்கவில்லை அந்த மனுஷர். திட்டியிருந்தால், சந்தேகப்பட்டிருந்தால், நானும் எதிர்த்துப் பேசி என் பொய்யை இறுக்கிப் பிடித்திருப்பேன். அவர் நம்பிவிட்டுப் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இரண்டு பெண்கள் ஜாடிகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தோணியம்மாள் மூடிகளைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி கேட்டாள், "ஏன் அத்த, வெள்ளக்காரி ஊறுகாயா போடப் போறா? இதுல என்னத்தத்தான் வைப்பாளாம்?"

"உப்பு வைப்பா, மாவு வைப்பா" என்றாள் அந்தோணியம்மாள். "பிள்ளைக்குப் பிஸ்கோத்து வைப்பா. அது பள்ளிக்கூடம் விட்டு வந்து கையை விட்டு எடுத்துத் திங்கும். நம்ம பிள்ளைய மாதிரித்தான்."

எழுந்து நின்றேன். "கட்டாதிய. நிப்பாட்டுங்க" என்றேன். யார் காதிலும் விழவில்லை. மறுபடியும் கத்தினேன். அண்ணாச்சி ஆபீஸ் ரூமிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எனக்கு வாசனை தெரியாது. கொரோனா வந்ததிலேர்ந்து தெரியாது. அந்த ஜாடி இங்கனதான் வந்துச்சு. உள்ள செவப்பா இருந்துச்சு. மொளகாப் பொடின்னு நெனச்சு நான்தான் வட்டம் போட்டேன்."

அந்தோணியம்மாள் சிரித்துவிட்டாள். நான் ஏதோ கேலி செய்கிறேன் என்று நினைத்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் எழுந்து வந்தாள். "கண்ண மூடுங்க மதினி" என்றாள். மூடினேன். மூக்குக்குக் கீழே எதையோ கொண்டு வந்து பிடித்தாள். "என்ன இது?"

எனக்குத் தெரியவில்லை. ஒன்றுமே இல்லை, காற்றுதான்.

"சொல்லுங்க."

"தெரியல அந்தோணி."

கண்ணைத் திறந்தேன். அவள் மதியச் சோற்றுக்குக் கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம். அந்தக் குடோனில் இருந்த எல்லார் மூக்கிலும் அது ஏறியிருந்தது. "மாதாவே" என்றாள் அவள்.

"எத்தன மாசமா?" என்றார் அண்ணாச்சி.

"எட்டு."

அவர் அந்த எட்டை மனசுக்குள் விரித்துப் பார்த்தார். எட்டு மாதத்தில் என்னென்ன அனுப்பியிருக்கிறோம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். முகம் வெளிறிப் போயிற்று. ஆனால் முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்தார். "இந்த லாட்ட மொதல்ல பாப்போம். என்ன செய்யணும், சொல்லு. மூக்குதான போச்சு, மண்டை இருக்கில்ல?"

அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் கடைசி வரைக்கும் கடமைப்பட்டவள்.

மண்டை இருந்தது. நடுத்தர அளவு ஜாடி மட்டும் பிரித்தால் போதும் என்றேன். நாற்பது தேறியது. கழுவின ஜாடியில் கறையும் தெரியாது, சும்மா மோந்தாலும் ஒன்றும் வராது. மூடியைப் போட்டுத் துணியால் வாயைக் கட்டி, முற்றத்துச் சிமெண்டுத் தரையில் வரிசையாக வெயிலில் வைத்தோம். தூத்துக்குடி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உப்பை விளைய வைக்கிற வெயில். இரண்டு மணி நேரத்தில் ஜாடிகளைத் தொட முடியவில்லை. சூட்டில் விளிம்பு மண் குடித்ததெல்லாம் வெளியே வரும். அந்தோணியம்மாளை முன்னால் விட்டு நான் சாக்கட்டியோடு பின்னால் போனேன்.

அவள் ஒவ்வொரு துணியாக அவிழ்த்தாள், மூடியை நகர்த்தினாள், குனிந்தாள், சத்தமாகச் சொன்னாள். "எலுமிச்சை. வட்டம்." "மாங்கா, நல்லெண்ணெய்." "இது நார்த்தங்கா மதினி, வெயில்ல காயப்போட்ட நார்த்தங்கா." "புளி. வெறும் புளி." "ஆகா, இது நெய்யி, நெய்யில முருங்கைக்கீரை போட்டு உருக்கியிருக்கா." "கருவாடு. எங்க ஊருதான்." நான் ஜாடியில் எழுதிக்கொண்டே போனேன். எனக்கு ஒன்றுமே வரவில்லை. ஆனால் அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகத்தில் வந்தது. எட்டு மாதம் கழித்து என் வேலையைத் திரும்பவும் பார்ப்பது போல இருந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. வெயில் கண்ணைக் கூசுகிறது என்று யாராவது நினைத்திருப்பார்கள்.

முப்பதைத் தாண்டியும் பெயிண்ட் வாடை வரவில்லை. ஒரு ஜாடியில் அவள் கொஞ்சம் நின்றாள். "மீன் எண்ணெய் மதினி. சொறா ஈரல் எண்ணெய் மாதிரி. சின்னப் பிள்ளையில எங்களுக்கு ஊத்துவாவல்ல, அது." வட்டம் போட என் கை போனது. மருந்தாகக் குடிக்கும் எண்ணெய், அதில் தப்பு இல்லை. அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் ஏழெட்டு ஜாடி பாக்கி இருந்தது.

அப்புறம் எனக்கு ஒன்று உறுத்தியது. மீன் எண்ணெயை யார் இத்தனை பெரிய ஜாடியில் வைப்பார்கள்? பாட்டிலில் வரும், கரண்டியில் ஊற்றுவார்கள், தீர்ந்துபோகும். ஒரு ஜாடி மீன் எண்ணெயைக் குடிக்க ஊரையே கூட்ட வேண்டும். "அந்தோணி, இதத் தள்ளி வை" என்றேன். மைதீன் காக்காவைக் கூப்பிட்டேன். கடலுக்குப் போகிறவர்களோடு பழகினவர், சின்ன வயதில் வள்ளத்துக்கு வர்ணம் அடித்தவர். குனிந்து மோந்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார்.

"இது மீன் இல்ல அக்கா. பெயிண்ட்ல கலக்குற ஆளிவித எண்ணெய். பழசாகி ஊறிப்போச்சுன்னா இப்பிடித்தான் மீன் கெணக்கா நாறும்."

வெள்ளைத் துணியை எலுமிச்சைச் சாற்றில் நனைத்து வாய் விளிம்பை அழுத்தித் தேய்த்தேன். துணியில் ஆரஞ்சு நிறம் வந்தது. மிளகாய் அப்படி ஒரு நிறம் கொடுக்காது. பிற்பாடு லேபும் அதையேதான் சொன்னது.

கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. அந்த ஜாடியைத் தொட்டியில் போட்டு வெறும் கையால் தேய்த்துக் கழுவினது அந்தோணியம்மாள். அது அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். அண்ணாச்சி தொட்டிப் பெண்கள் எல்லாரையும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் எடுக்க வைத்தார். ஒருத்திக்கும் ஒன்றும் இல்லை. முடிவு வரும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் இன்றைக்கு முணுமுணுத்துக்கொண்டே மாட்டுகிறீர்களே கையுறை, அது அன்றைக்கு வந்தது.

கண்டெய்னர் மறுநாள் போனது. ஓடாவியின் ஜாடி ஓடாவியிடமே போனது. "கழுவி வேற வச்சிருக்கிய, இனி எண்ணெய ஊத்தி ஜாடிய ஊற வைக்கவே ஒரு வாரம் ஆகும்" என்று அவர் மைதீன் காக்காவிடம் சண்டை போட்டாராம்.

அது ஒரு லாட். எட்டு மாதத்து லாட்டுகள் ஏற்கெனவே கடலைத் தாண்டிப் போயிருந்தன. அண்ணாச்சி என்னை எதிரில் உட்கார வைத்து வாங்கினவருக்குக் கடிதம் எழுதினார். "எங்கள் பரிசோதனையில் சிறு குறை" என்று அவர் மகன் முதலில் இங்கிலீஷில் டைப் அடித்தான். அண்ணாச்சி அதை அழிக்கச் சொன்னார். "பாக்கிற பொம்பளைக்கு வாசனை தெரியாது, அவ அத மறைச்சிட்டா, எல்லா ஜாடியயும் சோதிக்கிற வரைக்கும் சமையலுக்கு எடுக்காதியன்னு எழுது. ரோசம்மா, நீ கையெழுத்துப் போடு" என்றார். போட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கனமான பேனாவை நான் பிடித்ததில்லை.

அங்கே அவர்கள் கடைகளுக்குச் சொல்லி, வாங்கினவர்களைக் கூப்பிட்டு, ஜாடிகளை வரவழைத்துச் சோதித்தார்கள். வந்ததில் கெட்ட ஜாடி ஒன்றும் இல்லை. ஆனால் நாலு ஜாடி திரும்பி வரவில்லை. சந்தையில் கடை போட்டு விற்றவை, வாங்கினவர்கள் பேர் ஊர் எதுவும் இல்லை. பிற்பாடு வயதாகி நான் வேலையை விட்டு வந்துவிட்டேன், நல்லபடியாகத்தான் வழியனுப்பினார்கள், மாலை போட்டார்கள். அந்த நாலு ஜாடிகள் மட்டும் எந்த வீட்டில் இருக்கின்றன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அந்த நாலு வீட்டுக்காரர்களுக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்.

கடிதம் போன மறுநாள் நானே ஸ்டூலை விட்டு எழுந்தேன். அண்ணாச்சி போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. பேக்கிங் பக்கம் போய் நின்றேன், மிச்சமிருந்த இரண்டு வருஷத்தையும் அங்கேயே கழித்தேன். ஸ்டூலில் அந்தோணியம்மாளை உட்காரச் சொன்னார்கள். அவள் வெகு நேரம் உட்காரவில்லை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். நான்தான் போய்க் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

மளமளவென்று பன்னிரண்டு ஜாடி பார்த்தாள். எல்லாரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம், அண்ணாச்சியும் நின்றார். பதின்மூன்றாவது ஜாடிக்குள் குனிந்தாள். நிமிர்ந்தாள். இன்னொரு முறை குனிந்தாள். அவள் இப்போது என்ன செய்வாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த இடத்தில் தலையை ஆட்டி ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போவது எவ்வளவு சுலபம் என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அண்ணாச்சி, இது என்னன்னு எனக்குத் தெரியல" என்றாள், ஊருக்கே கேட்கிற மாதிரி.

எட்டு மாதம் என் தொண்டையில் சிக்கிக் கிடந்த வார்த்தை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்த முதல் மணி நேரத்தில் சொல்லிவிட்டாள், அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாக்கட்டியை எடுத்துப் பெருக்கல் குறி போட்டாள். அந்த ஜாடி தோட்டத்து லாட்டுக்குப் போயிற்று. அடுத்த ஜாடியை எடுத்து வைத்தார்கள்.